தேயாத ஏழாம் நம்பர்

விசாரணை மூன்று மணிக்கு. கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. தன் தம்பியைக் காப்பாற்ற மிச்சமிருந்த அந்த நேரத்தில் அண்ணி என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், பழைய துணியால் ஓர் இரும்புத் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பச்சைக் குழந்தைக்குக் காது துடைக்கிற நிதானம்.

சின்னவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணி, வாசல்ல போலீஸ் ஜீப் வந்தாச்சு. டிரைவர் சீட்டைச் சாய்ச்சுக்கிட்டுத் தூங்குறார். மச்சானை ஏத்தாம வண்டி திரும்பாதுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு."

"தூங்குறவரை எழுப்பாதே. அந்த நாலாம் நம்பர் வண்டிச் சாமான் தட்டை இப்படி நகர்த்து."

சின்னவர் நகர்த்தினார். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில், நொறுங்கிக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அண்ணியின் உத்தியோகம். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை, தனியாகத் துப்பறிகிறார். கூடவே போய் வருவது கணவரின் தம்பி, வீட்டில் எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடுகிற நாற்பது வயது மனிதர். மூன்று தொழில் தொடங்கி, மூன்றையும் முறைப்படி அடக்கம் செய்துவிட்டு, சம்பளமில்லாத இந்த நாலாவதில் நிலைத்துவிட்டவர்.

இதுவரை பார்த்ததெல்லாம் ஊரார் வழக்கு. இது சொந்த ரத்தம். அண்ணியின் கூடப்பிறந்த தம்பி பட்டறை மூலையில் காலி ஆயில் டின்மேல் உட்கார்ந்து, தரையில் யாரோ எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் குனிந்திருந்தார். இந்தப் பட்டறையின் ஒரே மெக்கானிக் அவர்தான்.

ரத்த வங்கியிலிருந்து ஆற்றின் அக்கரையிலுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் கொண்டுபோக இங்கே பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள். பாலத்தில் வேலை நடப்பதால் நாலு சக்கர வண்டி எதுவும் போக முடியாது. இந்தப் பன்னிரண்டுக்கும், இதை நடத்துகிற இயக்குநர் வைத்த பெயர் 'உயிர் காக்கும் இருசக்கர அதிவிரைவுப் படை.' பெயர்ப்பலகை கொட்டகையைவிட நீண்டுபோனதால் கடைசி இரண்டு எழுத்து பக்கத்துக் கழிப்பறைச் சுவரில் இருந்தது.

படை எட்டே மாதத்தில் படுத்துவிட்டது. பதினோரு வண்டிக்கும் ஒரே வியாதி. வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் கேம் தண்டு தேய்ந்துபோயிற்று. வருஷக்கணக்கில் உழைக்கவேண்டிய சாமான், ஒன்பதாயிரம் கிலோமீட்டரில் செத்துக் கிடந்தது. போன வாரம் நாலாம் நம்பர் பாலத்து ஏற்றத்தில் இழுக்காமல் நின்றது. ரத்தம் போய்ச் சேர நாற்பது நிமிஷம் தாமதம். பிள்ளை பெற்ற ஒரு பெண் இன்னும் கண் திறக்கவில்லை. அவளுடைய கணவன் தினமும் பட்டறை வாசலுக்கு வந்து, எதுவும் பேசாமல், மெக்கானிக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறான். அடித்தாலாவது தேவலை என்று மெக்கானிக் அக்காவிடம் ஒருமுறை சொன்னார். 

நல்ல ஆயிலை வெளியில் விற்றுவிட்டு மட்டமான ஆயிலை ஊற்றினார் என்பது குற்றச்சாட்டு. அதற்கு இயக்குநர் வைத்திருந்த ஒரே சாட்சி ஏழாம் நம்பர். பன்னிரண்டில் அது மட்டும் தேயவில்லை. கேம் தண்டு கடையில் வாங்கிய அன்றுபோல் மின்னியது. ஆக, ஏழுக்கு மட்டும் நல்ல ஆயில் போயிருக்கிறது. அந்த வண்டியை ஓட்டுவது ஒரு பெண் என்பதால், அறிக்கையில் எழுத முடியாத மிச்சத்தை ஆட்கள் வாயாலேயே எழுதிக்கொண்டார்கள்.

"தம்பி, திரும்பவும் கேட்கிறேன்," என்றார் அண்ணி. "ஏழு ஏன் தேயல?"

"தெரியாதுக்கா."

"என்ன ஆயில் ஊத்தினே?"

"எல்லாத்துக்கும் ஒரே ஆயில், ஒரே டின். அவ்வளவுதான்."

"அப்போ ஏழு?"

"அதான் தெரியாதுன்னு சொல்றேனே."

"மச்சான்," என்றார் சின்னவர், "தெரியாதுங்கிறதை இவ்வளவு தெரிஞ்ச மாதிரி சொல்லாதீங்க. ஜட்ஜு உங்களுக்கு ரெண்டு வருஷம் சேர்த்துப் போடுவார்."

மெக்கானிக் நிமிரவில்லை. அண்ணி மட்டும் தம்பியை ஒரு நொடி கூர்ந்து பார்த்தார். பிறகு பதினோரு தண்டுகளையும் மேஜைமேல் ஒரே பக்கமாகத் திருப்பி வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் முட்டை வடிவத்தில் இரண்டு மேடுகள். இடது மேடு ஒரு வால்வுக்கு, வலது மேடு இன்னொன்றுக்கு.

"என்ன தெரியுது?"

"பதினோரு பிணம்."

"எங்க அடிபட்டிருக்கு?"

சின்னவர் குனிந்தார். முதல் தண்டில் வலது மேடு சொரசொரத்து, மூக்கு மழுங்கி, யாரோ கடித்துத் துப்பியதுபோல் இருந்தது. இடது மேடு வழுவழுப்பாக இருந்தது. இரண்டாவதிலும் வலது. மூன்றாவதிலும்.

"எல்லாம் வலது பக்கம்தான் அண்ணி."

"மட்டமான ஆயில்னா என்ன பண்ணும்?"

"ரெண்டு மேட்டையும் தின்னும். ஆயிலுக்கு ஏது வலது, இடது? நம்ம பெரியப்பா மாதிரி, பந்தியில ஒரு பக்கமா உட்கார்ந்து..."

"பெரியப்பாவை விடு. அப்போ ஆயில் கெட்டது இல்ல. வலது பக்கத்துக்கு ஆயிலே போய்ச் சேரல. வண்டி நேரா நின்னா சேரும், ஓடினா சேரும். எப்போ சேராது?"

சின்னவர் யோசித்தார். அவருக்கு யோசனை வரும்போது உடம்பு தானாக ஒரு பக்கம் சாயும். சாய்ந்தார். சாய்ந்த இடத்திலேயே நின்றார்.

"சாய்ஞ்சா," என்றார் மெதுவாக.

"சைடு ஸ்டாண்டு எந்தப் பக்கம்?"

"இடது." சின்னவர் நிமிர்ந்தார். "ஆனா அண்ணி, நிறுத்தி வச்ச வண்டியில எது தேயும்? இன்ஜின் ஓடினாத்தானே..."

அண்ணி ஏற்கெனவே வாசலில் இருந்தார்.

மெக்கானிக் பின்னாலிருந்து, "அக்கா, மைதானத்துப் பக்கம் போகாதே," என்றார். அன்று அவர் வாயிலிருந்து தானாக வந்த முதல் வாக்கியம் அது.

மைதானம் என்பது கொட்டகைக்கு முன்னால் தார் போட்ட முற்றம். ஒரு கோடியில் சிமெண்டு மேடை, மேடைமேல் மைக், மைக்குக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கி. தரையில் பன்னிரண்டு வெள்ளை வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். உச்சி வெயிலில் ஈ காக்காய்கூட இல்லை. அவர்களைப் பார்த்ததும் கிளார்க் மட்டும் ரிஜிஸ்டரை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். இயக்குநரைப் பற்றிப் பேச யாராவது கிடைக்கமாட்டார்களா என்று அலைகிற வகை.

"இதுதான் எங்க தயார்நிலை அணிவகுப்பு மைதானம்," என்றார். "தினமும் காலையில ஆறு மணிக்கு. பன்னிரண்டு வண்டியும் வட்டத்துல நிக்கும். ஓட்டுறவங்க பக்கத்துல விறைப்பா நிப்பாங்க. ஐயா உரை நிகழ்த்துவார்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம். ஊக்கம் கூடிப்போனா ஒரு மணி."

"இன்ஜின்?"

"ஓடிக்கிட்டே இருக்கும். அதுதானே அழகே." கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "முதல் மாசம் ஒரு பெரிய மனுஷர் பார்வையிட வந்தார். அவசரம்னா உடனே ஸ்டார்ட் ஆகுமான்னு கேட்டார். ஐயா என்ன சொன்னார் தெரியுமா? 'எங்கள் வண்டிகள் நிற்பதே இல்லை.' பெரிய மனுஷர் கைதட்டிட்டார். மறுநாள்லருந்து நிறுத்துறதே இல்ல. பன்னிரண்டு இன்ஜின் சத்தத்துல உரை காதுல விழல, அதனாலதான் இந்த ஒலிபெருக்கி வாங்கினோம்."

சின்னவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார். "இன்ஜினை நிறுத்தியிருந்தா இது மிச்சம் ஆகியிருக்குமே."

"அதை யார் ஐயாகிட்ட சொல்றது?"

அண்ணி முழங்காலிட்டு உட்கார்ந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் சைடு ஸ்டாண்டு ஒரே இடத்தில் ஊன்றியதால் தார் குழிந்திருந்தது. முதல் வட்டத்தில் கட்டைவிரல் அளவு குழி, பக்கத்தில் புகைக்குழாய் ஊதிய கரித்தடம். இரண்டில் குழி. மூன்றில் குழி. அண்ணி வட்டம் வட்டமாக நகர்ந்தார். ஏழில் நின்றார்.

ஏழாம் வட்டத்தில் குழி இல்லை, கரி இல்லை. பெயிண்ட் அடித்தவன் விட்டுப்போன தூரிகை மயிர்கூட அப்படியே ஒட்டியிருந்தது.

"ஏழாம் நம்பர் அணிவகுப்புக்கு வருமா?" என்று அண்ணி கேட்டார்.

கிளார்க் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ஒரு நாள்கூட தவறல. பாருங்க, ஆறு மணி, ஆறு மணி, ஆறு மணி. கையெழுத்து இருக்கே."

"உங்க ஐயா மேடையிலிருந்து பார்க்கலையா, ஒரு வட்டம் காலியா இருக்குறதை?"

கிளார்க் திகைத்தார். "ஐயா எழுதி வச்சுத்தானே வாசிப்பார்?"

தலைநிமிர்ந்து நில்லுங்கள் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அதைத் தலைநிமிராமலே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது சின்னவருக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை, மணி ஒன்றரை.

ஏழாம் நம்பரை ஓட்டுகிறவளை ரத்த வங்கியின் பின்பக்க ஜன்னலருகே பிடித்தார்கள். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட் கண்ணாடியை முந்தானையில் துடைப்பதுபோல் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வண்டியின் சவாரியையும் இப்போது அவள் ஒருத்தியே ஓட்டுகிறாள். கண்ணுக்குக் கீழே மை பூசியதுபோல் கறுத்திருந்தது.

"காலையில எத்தனை மணிக்கு வர்றேம்மா?"

"ஆறு."

"உன் வட்டத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

துடைத்த கை நின்றது. ஹெல்மெட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள். 

"ஏழுக்குத்தான் வருவேன்," என்றாள். "அப்பாவுக்குக் கையும் காலும் வராது. கழுவி, துணி மாத்தி, ஊட்டிவிட்டுட்டுத்தான் கிளம்பணும். பக்கத்து வீட்டு அக்கா ஆறரைக்குத்தான் வந்து உட்காருவாங்க. வண்டியையும் அதனாலதான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"ரிஜிஸ்டர்ல யார் போடுறது?"

"நான் போட்டேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மெக்கானிக். அவர்களைத் தொடர்ந்து வந்திருந்தார். "எட்டு மாசமா நான்தான் போடுறேன். பொய்க் கையெழுத்துக்கு வேலையைவிட்டு நீக்கணும்னு விதி இருக்கு. அவ பேரை இழுக்காதேக்கா."

சின்னவர் திரும்பினார். "மச்சான், அப்போ எல்லாம் தெரிஞ்சேதான் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

"கேம் எதனால போச்சுன்னு எனக்குத் தெரியாது. ஏழு ஏன் தனின்னு கேட்டீங்கன்னா, அதுக்கு இவ வராததைத்தான் சொல்லணும். அது மட்டும் தெரியும்."

அண்ணி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். தம்பியின் சட்டைக் காலரில் பொத்தான் போட்டிருந்ததைப் பார்த்தார். ஜெயிலுக்குப் போகிறவன் ஒழுங்காக உடுத்தி வந்திருந்தான். பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ வேலையைப் பாரும்மா. உன்கிட்ட நான் எதுவும் கேட்கல," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சின்னவர் பின்னாலேயே ஓடினார். "என்ன அண்ணி இது? அங்க ஜீப் நிக்குது."

"இங்க ஒரு கட்டில்ல அவ அப்பா கிடக்கிறார்."

"அப்போ மச்சான்?"

"இயக்குநருக்குத் தன் உரைமேல ஆசை. அதை வச்சு முயற்சி பண்றேன்." நடை நின்றது.  "போதாதுன்னு எனக்கே தெரியும். பேசாம வா."

மூன்று மணிக்கு மைதானத்தைப் பார்த்த நீளமான அறையில் எல்லோரும் கூடினார்கள். நடுவில் இயக்குநர், மார்பில் அவரே வடிவமைத்த படைச் சின்னத்தோடு. பக்கத்தில் ரத்த வங்கி டாக்டர். கடைசிக் கையெழுத்து அந்த அம்மாவுடையது. அவர் இரண்டு நாளாகத் தூங்காததுபோல் தாடையைக் கையில் தாங்கியிருந்தார். சுவரோரம் வேலையில்லாத பதினோரு ஓட்டுநர்களும், கதவருகே ஏழாம் நம்பர் பெண்ணும்.

அண்ணி பதினோரு தண்டுகளையும் மேஜையில் வைத்தார்.

"ஐயா, உங்க காலை உரை ஒரு நாளாவது சுருங்கியிருக்கா?"

"ஒரு நிமிஷம்கூட இல்லை," என்றார் இயக்குநர். "மழை பெய்தபோதும் குடை பிடித்து நிகழ்த்தினேன்."

"இன்ஜின் எல்லாம் ஓடிக்கிட்டே?"

"எட்டு மாதம். நின்றதே இல்லை. எழுதிக்கொள்ளலாம்."

கிளார்க் எழுதிக்கொண்டார். அண்ணி டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "சைடு ஸ்டாண்டுல சாய்ஞ்சு நிக்கிற வண்டி, மெதுவா உறுமிக்கிட்டே இருந்தா, ஆயில் மேல ஏறுறதே கொஞ்சம். அதுவும் இடது பக்கமா வழிஞ்சிடும். வலது மேடு தினமும் முக்கால் மணி நேரம் காய்ஞ்சு உரசியிருக்கு. பதினோரு தண்டுலயும் வலது மட்டும்தான் போயிருக்கு. என் தம்பி ஊத்தின ஆயில் இதைத் தின்னல. உரை தின்னுடுச்சு."

பதினோரு பேரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். டாக்டர் தாடையிலிருந்து கையை எடுத்து, முதல் தண்டைத் தடவிப் பார்த்தார். சின்னவருக்கு மூச்சு வந்தது. அரை மூச்சுதான் வந்தது.

"அருமை," என்றார் இயக்குநர் புன்னகையோடு. "அப்படியானால் ஏழாம் நம்பர்? அதுவும் அதே உரையைத்தான் கேட்டது. இதோ ரிஜிஸ்டர். ஆறு மணி, ஒவ்வொரு நாளும். என் உரை பதினோரு வண்டியைத் தின்னும், ஒன்றை மட்டும் விட்டுவிடுமோ?"

அண்ணி கதவருகே பார்க்காமல் தண்டுகளை நேர்செய்தார்.  

டாக்டர் கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தார். "சொல்லுங்க. ஏழு ஏன் தேயல?"

 ஒரு வாக்கியம் போதும், தம்பி வீட்டுக்குப் போய்விடலாம். அண்ணி அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நான் சொல்றேன்," என்று மெக்கானிக் எழுந்தார். "ஏழுக்கு மட்டும் நல்ல ஆயில் ஊத்தினேன். மத்ததுக்கு மட்டமானது. அக்காவுக்குத் தெரியாது. எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன்."

"மச்சான், உட்காருங்க," என்றார் சின்னவர். 

கிளார்க் புதுத் தாள் எடுத்தார். இயக்குநர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். மெக்கானிக் அதை வாங்கக் கை நீட்டியபோது கதவருகேயிருந்து ஏழு பேசினாள்.

"ஐயா, உங்க உரையை நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

வேண்டாம் என்று மெக்கானிக் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நான் ஏழு மணிக்குத்தான் வருவேன். வந்ததும் ரத்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். என் வண்டி அந்த வட்டத்துல ஒரு நாள்கூட நின்னதில்ல. வேணும்னா போய்ப் பாருங்க. எல்லா வட்டத்துலயும் ஸ்டாண்டு குழி இருக்கும். ஏழுல இருக்காது."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் எழுந்து நேரே வெளியே போனார். ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள்: வெள்ளைக் கோட்டு ஒவ்வொரு வட்டமாகக் குனிந்து நிமிர்ந்தது, ஏழில் குனிந்தது, நிமிர நேரமாயிற்று. திரும்பி வந்து, மெக்கானிக் கையெழுத்திட இருந்த தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அண்ணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

இயக்குநருக்கு வேறொன்று வலித்தது. எட்டு மாதம், ஒரு நாள்கூட அவள் உரையைக் கேட்கவில்லை. "எழுதுங்கள்," என்று கிளார்க்கிடம் சொன்னார். "பொய்க் கையெழுத்தின் மூலம் படையின் மாண்புக்கு ஊறு விளைவித்த ஏழாம் எண் ஓட்டுநர், இந்தக் கணத்திலிருந்து பணியிலிருந்து..."

டாக்டரின் மேஜைமேல் தொலைபேசி அடித்தது. டாக்டர் எடுத்தார். கேட்டார். "எத்தனை யூனிட்?" என்றார். "ரத்தம் நிக்கவே இல்லையா?" என்றார். வைத்தார்.

"அக்கரை ஆஸ்பத்திரி. நாலு யூனிட் உடனே வேணும். எந்த வண்டி போகும்?"

 கொட்டகையில் பதினோரு வண்டிகள் தலை கழற்றிப் போட்டபடி நின்றன. கிளார்க்கின் பேனா 'பணியிலிருந்து' என்ற சொல்லுக்கு அடுத்த இடத்தில் மையைச் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் போகவா, இல்ல நீக்கியாச்சா?" என்று ஏழு கேட்டாள். அதில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இயக்குநர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கிளார்க்கின் கையிலிருந்து தாளை உருவி, நாலாக மடித்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "போம்மா. நாளைக்கும் ஏழு மணிக்கே வா."

அவள் ஓடினாள். அவளுக்கு முன்னால் மெக்கானிக் ஓடினார். ஐஸ் பெட்டியை அவரே தூக்கிவந்து வண்டியின் பின்னால் கட்டினார். வாரை இழுத்துப் பார்த்து, திரும்பவும் இழுத்துப் பார்த்தார். எல்லோரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். 

இயக்குநர் மட்டும் மேடைக்குப் போனார். இவ்வளவு பேர் வரிசையாக, அமைதியாக நிற்பதை அவரால் சும்மா விட முடியவில்லை. மைக்கைத் தட்டினார்.

"புறப்படுவதற்கு முன், இரண்டே வார்த்தை..."

சொல்லிவிட்டு அவர் வழக்கம்போல் சட்டைப்பையில் தாளைத் தேடினார். தாளை எடுத்து, பிரித்து, முதல் வரியை விரலால் தொட்டுக்கொண்டு நிமிர்வதற்குள் ஏழாம் நம்பர் பாலத்தின் ஏற்றத்தில் ஏறிவிட்டிருந்தது.